புதுநன்மை நாளில் எழாத இருவர்

கோடு போட்ட முழுத்தாள் ஒன்று. நடுவில் அடிக்கோல் வைத்துச் சிவப்பு மையால் இழுத்த கோடு. இடப்பக்கம் 'மறைக்கல்வி', வலப்பக்கம் 'நீதிபோதனை'. ஸ்ரீராம்புரத்தின் ஓரத்தில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வாரத்தில் நான் எழுதிய பட்டியல் அது. அந்தப் பள்ளியில் காலை இரண்டாம் மணி நேரம் பிள்ளைகள் இரண்டாகப் பிரிவார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் தலைமை ஆசிரியையான சிஸ்டரிடம் போய் ஜெபங்களும் வேத பாடமும் படிப்பார்கள். மற்றவர்கள் என்னிடம் இருந்து, உண்மை பேசுவது, பகிர்ந்து உண்பது பற்றிய கதைகளைக் கேட்பார்கள். யார் எந்தப் பக்கம் என்று பிரிப்பது வகுப்பாசிரியையின் வேலை.

வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கால் மணி நேரத்தில் பிரித்துவிட்டேன். அந்தோணி, ஜோசப், ஸ்டெல்லா எல்லாம் இடப்பக்கம். முருகன், சரவணன், லட்சுமி எல்லாம் வலப்பக்கம். ஒரு சிறுமிக்கு ஆரோக்கிய மாதாவின் பெயர். அவளை யோசிக்காமல் இடப்பக்கம் எழுதினேன். சேர்க்கை விண்ணப்பத்தில் அவளுடைய அப்பா தன் கையெழுத்தில் 'இந்து' என்று எழுதியிருந்தார். அந்தக் கோப்பு என் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியில்தான் இருந்தது. எதையும் இரண்டு முறை சரிபார்ப்பவள் என்று வீட்டில் பெயர் வாங்கியவள் நான். எழுந்து அந்த அலமாரியைத் திறக்கவில்லை.

நான் ஆடுகோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். என் அப்பா மாநில அரசுப் பணியில் இருந்தவர். எங்கள் குடும்பத்தில் யாரும் கோயில் மாறிப் போனதில்லை. அந்தப் பேட்டையின் வழக்கம் எனக்குத் தெரியாது. அங்கே பிள்ளை இல்லாதவர்கள் செவ்வாய்க்கிழமை மாரியம்மனுக்கும் சனிக்கிழமை மாதாவுக்கும் வேண்டிக்கொள்வார்கள். யாருக்கு வேண்டிக்கொண்ட பிறகு பிள்ளை பிறந்ததோ, அவர்கள் பெயரை வைப்பார்கள். பெயரால் மதம் மாறுவதில்லை.

அந்தச் சிறுமி மறைக்கல்வி வகுப்பில் எல்லாரையும் முந்திக்கொண்டாள். நீளமான ஜெபங்கள் அவளுக்கு ஒரே வாரத்தில் மனப்பாடம். தடுமாறும் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து அவளே சொல்லிக் கொடுப்பாள். "ஸ்டெல்லா, முழுங்காதே, பூரா சொல்லு. கடவுளுக்கு என்ன அவசரம்?" என்று அதட்டுவதை நானே கேட்டிருக்கிறேன். அந்த ஆண்டு புதுநன்மை வாங்க இருபத்தேழு பிள்ளைகள் தயாரானார்கள். முதல் முறையாக நற்கருணை அப்பத்தைப் பெறுகிற அந்த நாளை அவர்கள் தீபாவளிக்குக் காத்திருப்பது போல எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவளும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் இருக்கும்போது ஞானஸ்நானச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னோம். இருபத்தாறு சீட்டுகள் வந்தன. நான்காம் நாள் அவளுடைய அம்மா கார்மெண்ட்ஸ் வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

"அது என்ன சீட்டு மிஸ்? ரேஷன் ஆபீஸ்ல குடுப்பாங்களா?"

புதுநன்மைக்கு எல்லாப் பிள்ளைகளும் வெள்ளை உடுப்பில் வர வேண்டும். வெள்ளை கவுன் தைத்தாயிற்றா என்று கேட்டேன். "ஆயிடுச்சு மிஸ். ஸ்கூல் டே டான்ஸுக்குத்தானே?" என்றாள். ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளைகளுக்குத்தான் புதுநன்மை என்று அவளிடம் சொல்லி அனுப்பினேன்.

சிஸ்டரின் அறைக்குப் போய்த் தவறு என்னுடையது என்று சொன்னேன். வேலை போகும் என்றே நினைத்தேன். சிஸ்டர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். நாகர்கோவில் பக்கத்தவர், ஒல்லியானவர், குரலை உயர்த்தாதவர். "எட்டு மாசமா என் முன்னால உக்காந்திருக்கா. நானும் கேக்கலியே, மிஸ்," என்றார். அதற்கு மேல் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மாலையே பங்குச் சாமியார் எளிதான வழி ஒன்றைச் சொன்னார். நல்ல மனிதர். "பெத்தவங்க ஒத்துக்கிட்டா ஞானஸ்நானம் குடுத்துடலாமே சிஸ்டர். பிள்ளையும் ஆசைப்படுது. ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க."

"கேட்டா சரின்னுடுவாங்க ஃபாதர். அதனாலதான் கேக்கக் கூடாது," என்றார் சிஸ்டர்.

அந்தப் பதிலின் பொருள் அப்போது எனக்கு முழுதாக விளங்கவில்லை. மறுநாள் பள்ளி விட்டதும் இருவரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. ஒற்றை அறை. சுவரில் அம்பேத்கர், பக்கத்தில் மாரியம்மன், அதற்குப் பக்கத்தில் மாதா. அப்பா மாநகராட்சியில் குழாய் வேலை செய்பவர்; எங்களைக் கண்டதும் கட்டிலிலிருந்து எழுந்தவர், நாங்கள் கிளம்பும்வரை உட்காரவேயில்லை. சிஸ்டர் கை கூப்பினார். "உங்களைக் கேக்காம உங்க பிள்ளைக்கு எங்க வேதத்தைச் சொல்லிக் குடுத்துட்டோம். தப்பு எங்களுது. மன்னிச்சுக்கங்க," என்றார். ஒரு தலைமை ஆசிரியை அந்தச் சந்துக்கு வந்து இப்படிச் சொல்வதை அந்தக் குடும்பம் எதிர்பார்த்திருக்காது. நானும் எதிர்பார்க்கவில்லை.

அம்மா பதறிப்போனாள். "ஐயோ, நல்லதுதானே சிஸ்டர் சொல்லிக் குடுத்தீங்க. புள்ள நேத்துலேர்ந்து அழுவுது. வேணும்னா தலையில தண்ணி ஊத்திச் சேத்துக்கங்க."

"பிள்ள அழுவுதுன்னு செய்யற காரியம் இல்லம்மா இது."

சிறுமி கதவோரம் நின்றிருந்தாள். அழுது முடித்த முகம். "அப்ப எனக்கு மட்டும் கெடையாதா சிஸ்டர்?" என்றாள். "நான்தானே எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன்," என்றாள் மறுபடி. அது புகார் போலக்கூட இல்லை. கணக்குப் பாடத்தில் விடை ஏன் சரியாக வரவில்லை என்று கேட்பது போல இருந்தது.

சிஸ்டர் தரையில் அவள் உயரத்துக்கு உட்கார்ந்தார். "ஆமா, நீதான் சொல்லிக் குடுத்தே. நீ பெரியவளானப்புறம் உனக்கு எது வேணும்னு நீயே யோசிச்சுக்கலாம். இப்ப நான் குடுக்க முடியாது. ஆனா அன்னிக்கு நீ கவுன் போட்டுக்கிட்டு வா. பாட்டெல்லாம் பாடு. நன்மை குடுக்கறப்ப எல்லாரும் எந்திரிச்சுப் போவாங்க. நாம ரெண்டு பேரும் உக்காந்துக்கலாம்."

"நீங்களும் வாங்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"சிஸ்டருங்க வாங்காம இருக்கலாமா?"

"இருக்கலாம்."

அவள் சிஸ்டரின் முகத்தை உற்றுப் பார்த்து, "பொய் சொல்லக் கூடாது," என்றாள். அவளுடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சிஸ்டர் சிரித்தார். அப்பா அப்போதும் வாய் திறக்கவில்லை. எங்களை வழியனுப்ப மெயின் ரோடுவரை வந்தவர், பஸ் நிறுத்தத்தில் சொன்னார்: "நான் பயந்துட்டேன் சிஸ்டர். நீங்க தண்ணி ஊத்தறோம்னு கேட்டிருந்தா, இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. புள்ள இங்கதானே படிக்கணும்." சாமியாரிடம் சிஸ்டர் சொன்ன பதில் எனக்கு அந்த பஸ் நிறுத்தத்தில்தான் விளங்கியது.

புதுநன்மை நாளில் மாதா கோயில் நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் இருபத்தேழு வெள்ளை உடுப்புகள். நான் பின்னால், தூணோரம். நற்கருணை நேரம் வந்ததும் பிள்ளைகள் வரிசையாக எழுந்தார்கள். மூன்றாம் பெஞ்சின் ஓரத்தில் அந்தச் சிறுமி எழவில்லை. அவள் பக்கத்தில் சிஸ்டர். பிள்ளைகள் முடிந்து, கன்னியர் முடிந்து, பெற்றோர்கள் முடிந்தார்கள். கடைசியில் சாமியார் அப்பத்தைக் கையில் ஏந்தியபடி மூன்றாம் பெஞ்சைப் பார்த்து நின்றார். சிஸ்டர் வருவார் என்று நினைத்திருப்பார். சிஸ்டர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். மற்ற கன்னியர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாமியார் அப்பத்தைப் பாத்திரத்துக்குள் வைத்துவிட்டுப் பீடத்துக்குத் திரும்பினார். அந்தச் சிறுமி மட்டும் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள். பிறகு பாட்டு தொடங்கியபோது, பாடகர் குழுவையும் மீறி அவள் குரல் கேட்டது.

சிஸ்டர் நன்மை வாங்காததை நான் ஓர் ஆறுதல் என்றுதான் நினைத்தேன். அழுகிற குழந்தை எதிரே, 'எனக்கும் மிட்டாய் வேண்டாம்' என்று சொல்வோமே, அது மாதிரி. திங்கட்கிழமை ஓய்வறையில் மூத்த ஆசிரியை ஒருவர்தான் எனக்குச் சொன்னார். கன்னியாஸ்திரீ ஆன நாளிலிருந்து சிஸ்டர் ஒரு நாளும் நன்மை வாங்காமல் இருந்ததில்லையாம். டைபாய்டு வந்து படுத்திருந்தபோதுகூடச் சாமியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். "அவங்களுக்கு அதுதான் மிஸ் சோறு. உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல," என்றார். எனக்கு அன்று முழுவதும் பாடம் ஓடவில்லை. பிள்ளைகளுக்கு எழுத்துப்பயிற்சி கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன்.

நான்காம் வகுப்போடு அந்தப் பள்ளி முடிந்துவிடும். அந்தச் சிறுமி போய்விட்டாள். பிறகு எங்கே படித்தாள், யாரைக் கும்பிடுகிறாள், எதுவும் எனக்குத் தெரியாது. இப்போது வேறொரு பள்ளியில் சேர்க்கைப் பொறுப்பு என்னுடையது. பெயரைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிப்பதில்லை. பெற்றோரை எதிரே உட்காரவைத்துக் கேட்கிறேன். இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வாய் வருகிற மாதிரி கேட்கிறேனா என்றும் பார்த்துக்கொள்கிறேன். அது எளிதில்லை.

போன மாதம் ஆனேக்கல் தாண்டி, முதிய கன்னியர் தங்கும் இல்லத்துக்குப் போனேன். சிஸ்டருக்கு எண்பது தாண்டிவிட்டது. பல பெயர்கள் மறந்துவிட்டன. இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன். அன்றைக்கு அப்படி உட்கார்ந்திருந்தது கஷ்டமாக இருந்ததா?

அதையும் மறந்திருப்பார் என்று நினைத்தேன்.

"பசிச்சுது," என்றார். "அவளுக்கும் பசிச்சிருக்கும்ல, மிஸ். அந்தப் பசிய நான்தானே உண்டாக்கினேன்."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ள நல்லாயிருக்காளா?" என்று கேட்டார்.

தெரியாது என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. சிஸ்டர் தலையசைத்தார். தினமும் அவளுக்காக வேண்டிக்கொள்வதாகவும், பெயர் மறந்துபோனதால் 'பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை' என்றே கடவுளிடம் சொல்வதாகவும் சொன்னார்.