கடைகிற வீட்டில் கை வைக்காதவள்

மகள், கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று நின்ற பையன் அயர்லாந்துக்காரன். ஜெர்மனியில், வுப்பர்டால் நகரில் எங்களுக்கு இரண்டு பஸ் தரிப்பு தள்ளி இருந்தான். அவனுடைய தாய் ஊரிலிருந்து வந்திருக்கிறார், வந்து பாருங்கோ என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்காதா என்ற எண்ணத்தோடுதான் போனேன்.

தாய் குசினியில் நின்றார். மாடு வைத்திருக்கும் குடும்பமாம், கடையில் வாங்கிய வெண்ணெயை வாயில் வைக்க மாட்டாராம். கைப்பிடி பூட்டிய பெரிய கண்ணாடிப் போத்தலில் பாலாடை கடைந்துகொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் கைப்பிடியை என் பக்கம் திருப்பினார். வந்தவளிடம் வாசலிலேயே வேலை வாங்குகிறாரே, இந்த வீட்டில் என் பிள்ளையின் கதி என்ன என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனாலும் நான் தொடாததற்குக் காரணம் வேறு. என் கணவரின் தமையன் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு இன்னும் முடியவில்லை. சாவுத் தீட்டுப்பட்ட துடக்குக் கையால் பிறர் வீட்டு வெண்ணெயைத் தொடலாமா? புகழ்ந்தால் கண்ணூறு என்று வாயையும் திறக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

வெண்ணெய் திரளவே இல்லை. அந்த மனிசி போத்தலைப் பார்ப்பார், பிறகு என் கைகளைப் பார்ப்பார். எதையோ ஒளித்து வைத்திருப்பவளைப் பார்க்கும் பார்வை. நானும் விடாமல் முறைத்தேன். பையன் முகம் சிவந்து மகளிடம் ஜெர்மனில் ஏதோ முணுமுணுத்தான்.

“அம்மா, கடையேக்க வாற ஆள் ஒரு சுத்தாவது சுத்த வேணுமாம். சுத்தாமல் நிண்டால் வெண்ணெயைக் களவெடுக்க வந்த ஆளாம்.”

கள்ளியா நான்? “துடக்கு எண்டு சொல்லு,” என்றேன்.

இங்கே வளர்ந்த பிள்ளைக்கு அதற்குச் சொல் கிடைக்கவில்லை. கை அழுக்கு என்று சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. மனிசி குழாயைக் காட்டினார். பிறகு, செத்தவீடு என்று மகள் சொன்னதும் சிலுவைக் குறி போட்டு, போத்தலை என்னிடமிருந்து தள்ளி வைத்தார். நான் தேடி வந்த காரணம் கிடைத்துவிட்டது. கைப்பையை எடுத்தேன்.

அதற்குள் மகள் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினாள்.

“பிள்ளை, செத்தது உன்ர பெரியப்பா. உனக்கும் துடக்குத்தான்.”

“அது உங்கட வீட்டில, அம்மா,” என்றாள். கையை எடுக்கவில்லை.

அந்த ‘உங்கட’ எனக்குச் சுருக்கென்று தைத்தது. மனிசியின் முகம் மலர்ந்தது. போத்தலுக்குள் வெண்ணெய் திரண்டுகொண்டிருந்தது.