கூப்பிட்டால் எழுந்திருக்காதவர்கள்

டாக்டர் ரூமுக்கு வெளியே டோக்கன் போட்டுப் பெயர் கூப்பிடுகிற வேலைக்குப் பெரிய படிப்பு வேண்டாம், தொண்டை இருந்தால் போதும். என்னைப் போலவே கதவோரம் நாற்காலி போட்டு, காத்திருப்பவர்களிடமும் உள்ளே இருப்பவரிடமும் மாறி மாறித் திட்டு வாங்கிக் காலம் தள்ளியவர்களுக்கு நான் சொல்வது புரியும். திண்டிவனத்தில் எங்கள் கிளினிக்குக்குப் பாண்டிச்சேரியிலிருந்து டாக்டர் வாரத்தில் இரண்டு சாயங்காலம் வருவார். மனநல டாக்டர். போர்டில் அப்படிப் போட்டால் ஈ காக்கை வராது என்பதால் 'நரம்பு, தலைவலி, தூக்கமின்மை' என்று எழுதியிருந்தோம். தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே சேர்ந்தேன். வந்தவர்களில் விவாகரத்து ஆனவர்கள், ஆகப்போகிறவர்கள் கதையை மட்டும் சொல்கிறேன். அதில் நானும் ஒருத்தி.

எந்தப் பேர்?

ஒரே பெயரில் நாலு பேர் வருவார்கள் என்பதால் ஊரையும் சேர்த்துக் கூப்பிடுவது என் வழக்கம். அன்று "விக்கிரவாண்டி கலா" என்று மூன்று முறை கத்தினேன். யாரும் அசையவில்லை. எல்லோரும் பார்த்துவிட்டுப் போன பிறகும் ஒரு பெண் மட்டும் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். "நீதானே கலா? காது கேக்காதா?" என்று எரிந்து விழுந்தேன்.

புருஷன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று பஸ் ஏறி இங்கே வந்திருக்கிறாள். பெயரையும் ஊரையும் மாற்றிச் சொன்னவள், பதற்றத்தில் இரண்டையும் மறந்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எந்தப் பேரு குடுத்தேன்னு ஞாபகமில்லக்கா. நீங்களே ஒரு பேரு வச்சிக் கூப்புடுங்க, எழுந்து வர்றேன்."

பெண்ணுக்குப் பதில் அப்பா

கோலியனூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். என்ன உடம்புக்கு என்று கேட்டால், மகள் சாப்பிடுவதில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறாள் என்றார். மகளுக்கு விவாகரத்துக் கேஸ் நடக்கிறது. அவளைக் கூட்டிவந்தால் பைத்தியம் என்று பட்டம் கட்டி, அதையே கோர்ட்டில் சொல்லிவிடுவார்கள் என்று பயம். அந்தப் பயம் அநியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை, அப்படிச் சொன்ன மாப்பிள்ளை வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆள் வராமல் வைத்தியம் பார்க்க முடியாது என்று மட்டும் சொன்னேன்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்போ டாக்டரு என்னப் பாத்து எழுதிக் குடுக்கட்டும்மா. நானும் ரெண்டு மாசமா தூங்கல, மாத்திரய அவ முழுங்கிப்பா."

பெஞ்சு

ஒரு சாயங்காலத்துக்கு நாற்பது டோக்கன். ஆளுக்கு மூன்று நிமிஷம். டாக்டர் நல்லவர்தான், ஆனால் மூன்று நிமிஷத்தில் மாத்திரை எழுதலாம், அழுகிறவரை அழவிட முடியாது. பேசுவதற்கென்றே தனியாக ஆள் இருக்கிறார்களாமே என்று யாராவது கேட்டால், சென்னைக்குப் போகச் சொல்வோம். சொல்லும்போதே போக மாட்டார்கள் என்று தெரியும்.

மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பத்திலிருந்து ஒருவர் வருவார். பொண்டாட்டி பிரிந்துபோய்த் தீர்ப்பும் ஆகிவிட்டது. டோக்கன் வாங்குவார், அவர் முறை வந்தால் அடுத்தவரைப் போகச் சொல்வார். கிளினிக் மூடும்போது எழுந்து பஸ்ஸுக்குப் போவார். நாலாவது தடவை எனக்குப் பொறுக்கவில்லை, சும்மா எதற்கு இவ்வளவு தூரம் வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். "டாக்டராண்ட சொல்றதுக்கு ஒண்ணுமில்லம்மா. இங்க நாலு பேரு பக்கத்துல பேசாம குந்திக்கினு இருக்கறாங்க, வூட்ல அதுகூட இல்ல."

டீச்சர்

சொந்தப் பெயரையும் சொந்த ஊரையும் கொடுத்தவர் ஒரே ஒருவர்தான். திண்டிவனத்திலேயே பள்ளிக்கூட டீச்சர். விவாகரத்து முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. டாக்டருக்கு என்ன தோன்றியதோ, "இவங்களுக்குக் கடைசி டோக்கனா போடுங்க, கொஞ்சம் பேசட்டும்" என்றார். என் சர்வீஸில் அப்படி அவர் சொன்னது அந்த ஒரு தடவைதான். இரண்டாவது முறை வெளியே வந்தபோது, "இன்னிக்குதான் வாய் தொறந்தேன்" என்று டீச்சர் என்னிடம் சிரித்தார். எனக்கே வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

மூன்றாவது முறை அவர் படியேறி வந்தபோது பெஞ்சில் நல்ல கூட்டம். எட்டாவதோடு நின்ற எனக்கு டீச்சர் என்றால் தனி மரியாதை. எழுந்து நின்று, "டீச்சர், வாங்க டீச்சர்" என்று தெரு முனை வரைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டேன். கடைசியில் முறை வந்து உள்ளே போனவர் இரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டார். அப்புறம் வரவே இல்லை. எங்கள் கம்பவுண்டர் யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்பதை வைத்துக் கணக்குப் போடுவதில் கெட்டிக்காரர். அவர் சொன்னார்: "வராம நின்னுட்டாங்கன்னா குணமாய்ட்டாங்கன்னு அர்த்தம், சந்தோஷப்படு."

என் முறை

பதினோரு வருஷம் குடித்தனம் நடத்திய என் வீட்டுக்காரர் ஒத்துவரவில்லை என்று விழுப்புரம் கோர்ட்டில் மனுப் போட்டார். நான் பல் தேய்க்க மறந்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அது பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதெல்லாம் எதன் அறிகுறி என்று எனக்கு மனப்பாடம். ஒரு நாள் கடைசி டோக்கன் போன பிறகு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன், வேலைக்குச் சேர்ந்து முதல் முறையாக. என்னையும் கொஞ்சம் பேசவிடுவார் என்று நம்பித்தான் போனேன். அவர் பெருமையோடு சொன்னார்: "நீங்க தைரியசாலிம்மா. இத்தனை பேரைப் பார்த்திருக்கீங்க, உங்களுக்கு நான் புதுசா என்ன சொல்லப்போறேன்?"

சமரசம்

கோர்ட்டில் தீர்ப்புக்கு முன்னால் கவுன்சிலிங் என்று ஒரு அம்மாவிடம் அனுப்பினார்கள். மனசு விட்டுப் பேசலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். நானும் முந்தின நாள் முழுக்க எங்கே ஆரம்பிப்பது, எதைச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். ஃபாரத்திலிருந்து தலையைத் தூக்காமல் அந்த அம்மா கேட்டார்: "சேந்து வாழ சம்மதமா, இல்லியா? அத மட்டும் சொல்லும்மா, வெளில பத்து ஜோடி நிக்குது."

விழுப்புரத்தில்

விவாகரத்து ஆன பிறகும் பால் பொங்கி வழிந்துகொண்டுதான் இருந்தது. விழுப்புரத்தில் ஒரு டாக்டர் பேசவிடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். டோக்கன் கொடுக்கிற பெண் பெயர் கேட்டாள். வாய் தானாகக் கலா என்றது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒரு கலாவைக் கூப்பிட்டார்கள், கூப்பிட்டார்கள், கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். எழுந்திருக்காத அந்தக் கழுதையை நான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வந்து என் தோளைத் தட்டினாள். பக்கத்தில் முக்காடு போட்டுக் குனிந்திருந்தவர் அப்போதுதான் நிமிர்ந்தார். எங்கள் டீச்சர்.

"குணமாயிட்டீங்கன்னு நெனச்சேனே" என்றேன். அவர் கோபப்படவில்லை. "அன்னிக்கு டீச்சர்னு சத்தமா கூப்புட்டீங்க இல்ல? பெஞ்சுல என் கிளாஸ் புள்ளையோட அம்மா இருந்தாங்க. மறுநாளே ஸ்கூல்ல விசாரிச்சாங்க. ரெண்டு வருஷம் எங்கயுமே போகல. இங்க தெரிஞ்சவங்க யாரும் இல்லன்னு இப்பதான் வர்றேன்" என்றார். மன்னிச்சிடுங்க என்று சொல்வதற்குள் அந்தப் பெண் என்னை உள்ளே தள்ளிவிட்டாள்.

டாக்டர் "சொல்லுங்க" என்றார். உண்மையாகவே காத்திருந்தார். இத்தனை வருஷம் தேடிய ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார், எனக்கோ டீச்சரின் முகம்தான் கண்ணில் நின்றது. "தூக்கம் வரலீங்க" என்றேன், என்னிடம் டோக்கன் வாங்கிய எல்லோரையும் போல. சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பெஞ்சில் டீச்சர் இல்லை. வாசலிலும் இல்லை. டோக்கன் பெண் என்னிடம் கேட்டாள்: "உங்க பக்கத்துல இருந்தாங்களே, அந்தம்மா எங்கக்கா? மூணு தடவ கூப்புட்டேன், ஆளக் காணம்."

மனசு விட்டுப் பேச ஆள் தேடி ஊர் ஊராக அலைகிறவர்களே, டாக்டர் கெட்டிக்காரரா என்று அப்புறம் விசாரிக்கலாம், வெளியே உட்கார்ந்திருப்பவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.