கண்காட்சிக்குப் போட்ட மருதாணி

கல்யாணத்துக்கு மருதாணி போடுவார்கள், தீபாவளிக்குப் போடுவார்கள். ஓவியக் கண்காட்சி பார்க்கப் போவதற்காக மருதாணி போட்டுக்கொண்ட குடும்பம் கடலூர் மாவட்டத்திலேயே எங்களுடையது ஒன்றுதான் இருக்கும். எனக்கும் போட்டுவிட்டார்கள். ஆனால் மருதாணி உண்மையில் தேவைப்பட்டது அம்மாவின் கைகளுக்குத்தான்.

நான் அப்போது நான்காவது படித்துக்கொண்டிருந்தேன். ஊரில் வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டிவி வந்து இறங்கியிருந்த சமயம். அம்மாவின் தங்கையான என் சித்தி சென்னையில் ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம் படித்தாள். கடைசி வருடத்துப் பிள்ளைகள் வரைந்ததையெல்லாம் கல்லூரியில் கண்காட்சியாக வைப்பார்களாம். எல்லோரும் கட்டாயம் வந்து பார்க்க வேண்டும் என்று போன் செய்திருந்தாள். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் சித்தியை வளர்த்ததும் படிக்க வைத்ததும் அம்மாதான். பண்ருட்டிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் பெண்களுக்கு இருந்த ஒரே வேலை முந்திரிக்கொட்டை உடைப்பது. அம்மாவும் அதைத்தான் செய்தாள்.

வறுத்த கொட்டையைக் கல்லின் மேல் வைத்துக் கட்டையால் ஒரு தட்டுத் தட்டினால் தோடு பிளந்து முந்திரி முழுசாக வெளியே வர வேண்டும். பலமாகத் தட்டினால் உடைந்துவிடும், கூலி குறையும். தோட்டிலிருந்து ஒரு பால் கசியும். அது பட்ட இடம் வெந்து, தோலுரிந்து, கறுத்துப்போகும். சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார்ந்தாலும் விடாது. அம்மாவின் விரல் நுனிகள் பத்தும் தார் தொட்டு எடுத்த மாதிரி இருக்கும். வலது கை ஆள்காட்டி விரலில் ஒருமுறை கட்டை பட்டதில், நகம் நடுவில் பிளந்து இரண்டாகவே வளர்ந்தது. எனக்குத் தலை வாரிவிடும்போது அந்த நகம் முடியில் மாட்டும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் வாருவது அம்மாதான் என்று எனக்குத் தெரியும்.

அம்மாவின் அண்ணனான மாமா கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். சித்திக்குச் சிதம்பரத்தில் ஒரு வரன் பார்த்துவைத்திருந்தவரும் அவர்தான். மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம், அவருடைய அம்மா ரிடையர்டு டீச்சர். ஜாதகம் பொருந்திவிட்டது, பெண்ணைப் பார்ப்பதுதான் பாக்கி. அக்கா குடும்பம் முந்திரி வியாபாரம் என்று மாமா அவர்களிடம் சொல்லியிருந்தார். கொட்டை உடைப்பதும் முந்திரி வியாபாரத்தில் அடக்கம்தான் என்பது அவருடைய வாதம். ஆனால் வீட்டுக்கு வந்து பெண் பார்த்தால் வாசலில் குவிந்து கிடக்கும் தோட்டையும் பார்ப்பார்கள். அதனால் கண்காட்சிக்கு எதேச்சையாக வந்த மாதிரி அவர்களை வரச்சொல்லிவிட்டார். சித்திக்கு இதைச் சொல்லவில்லை. சொன்னால் ஆடிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் யாரும் சொல்லவில்லை, என் வாய் அப்படி.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே அம்மா கொட்டை உடைப்பதை நிறுத்திவிட்டாள். எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்தாள், புளியைத் தேய்த்தாள், ஒருநாள் மண்ணெண்ணெய்கூடத் தேய்த்தாள். கறுப்பு போகவில்லை. கடைசியில் மாமாதான் கடலூரிலிருந்து மருதாணிக் கோன் வாங்கிக்கொண்டு வந்தார்.

"இத நல்லா நெறையப் போட்டுக்க. அதுக்கு மேல ஜாஸ்தி தெரிஞ்சா முந்தானைய இழுத்து மூடிக்க. ஒரு மணி நேரம் சமாளிச்சுட்டா போதும்."

"அவளுக்கு நல்லது நடந்தா செரிண்ணா" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். தன் தங்கை வெயில் படாத, விரல் கறுக்காத ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அவள் வேண்டாத கோயில் இல்லை. திருவதிகைக்கும் சிதம்பரத்துக்கும் நடையாய் நடந்திருக்கிறாள்.

அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவும் நானும் மாமாவும் விடியலில் கடலூரில் பஸ் ஏறி, வெயில் ஏறும் நேரத்தில் சென்னையில் இறங்கினோம். சிதம்பரத்துக்காரர்கள் சாயங்காலம்தான் வருவார்கள். அதுவரை என்ன செய்வது என்று மாமா எங்களை மியூசியத்துக்குக் கூட்டிப்போனார். அவர் அதைச் செத்த காலேஜ் என்றுதான் சொல்வார். சித்தி படிக்கும் காலேஜும் இப்படித்தான் இருக்குமோ என்று எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

பயமெல்லாம் உள்ளே போகும்வரைதான். அன்றைக்குப் பார்த்ததை இன்றும் மறக்கவில்லை. கூரையிலிருந்து தொங்கிய திமிங்கில எலும்புக்கூட்டின் கீழே நின்று, எங்கள் பள்ளிக்கூடமே அதன் வயிற்றுக்குள் அடங்கும் என்று மாமாவிடம் சொன்னேன். ஈமத்தாழியைப் பார்த்துவிட்டு, செத்தவரை உட்காரவைத்தார்களா படுக்கவைத்தார்களா என்று விடாமல் கேட்டு அவரை நச்சரித்தேன். ஐம்பொன் சிலைகள் இருந்த அறையில்தான் அம்மா நின்றுவிட்டாள். பட்டும் பூவும் சாத்தி, தூரத்தில் வைத்தே சாமியைப் பார்த்துப் பழகியவள். இங்கே ஒரு அம்மன் கண்ணாடிக்குப் பின்னால், பூப் பிடிக்க மடக்கிய விரல்களோடு, பூவில்லாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"வெரலப் பாருடி. கருப்பா இருந்தாலும் எவ்ளோ லட்சணம்" என்றாள் அம்மா. தன்னையறியாமல் தன் விரல்களையும் அதே மாதிரி மடக்கிப் பார்த்தாள். அங்கே யாருக்காகவும் அவள் கையை மறைக்கவில்லை. கண்ணாடியைத் தொடக்கூடாது என்று காவல்காரர் சொன்ன பிறகுதான் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அங்கிருந்து போன ஓவியக் கல்லூரியும் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. மரத்தடியில் தலையில்லாத களிமண் மனிதர்கள் நின்றார்கள். பெயின்ட் பட்ட சட்டையோடு பெரிய பிள்ளைகள் திரிந்தார்கள், யாரும் அவர்களைத் திட்டவில்லை. சித்தி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மருதாணியைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, எனக்கா கல்யாணம்?" என்று சிரித்தாள். மாமாவும் சிரித்தார்.

கூடத்தில் சித்தியின் படங்கள் ஒரு சுவர் முழுக்க இருந்தன. தேவனாம்பட்டினம் கடற்கரை, கரும்பு ஏற்றிப் பெண்ணாடம் ஆலைக்குப் போகும் டிராக்டர், சிதம்பரம் கோயில் குளத்துப் படிகள். நடுவில், மற்றவை எல்லாவற்றையும்விடப் பெரிதாக, இரண்டு கைகள். முகம் கிடையாது, உடம்பு கிடையாது. சாம்பல் படிந்த மடியில் இரண்டு கைகளும் ஓய்ந்து கிடந்தன. நுனிகள் கறுப்பு. வலது கை ஆள்காட்டி விரலில் நகம் இரண்டாகப் பிளந்திருந்தது.

மாமாவின் முகம் விழுந்துவிட்டது. நான் களிமண் மனிதர்களைப் பார்க்க வெளியே ஓடியிருந்தேன். அங்கே நடந்ததைச் சித்தி பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"இத எறக்கி வை" என்றாராம் மாமா.

"ஏண்ணா?"

வேறு வழியில்லாமல் அம்மா சொல்லிவிட்டாள், சிதம்பரத்திலிருந்து அவளைப் பார்க்க வருகிறார்கள் என்று. சித்தி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்ததாம் அம்மாவுக்கு. "அக்கா வேணான்னு சொல்லட்டும், எறக்கிடுறேன்" என்றாளாம்.

அம்மா அந்தப் படத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "இருக்கட்டும்" என்றாள்.

சரி, யாரோ ஒரு கூலிக்காரி கை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று மாமா முடிவுசெய்தார். கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். நான் திரும்பி வந்தபோது அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார். படம் அவரைவிடப் பெரியது என்பதால் அதில் பிரயோஜனம் எதுவும் இல்லை.

அவர்கள் வந்தார்கள். டீச்சரம்மா கஞ்சிபோட்ட காட்டன் புடவையில், கண்ணாடியோடு, பார்க்க மரியாதையாக இருந்தார். பின்னால் மாப்பிள்ளை. அவர் மாப்பிள்ளை என்று எனக்குத் தெரியாது, மாமாவின் கடைக்கு வருகிறவர் என்று நினைத்தேன். டீச்சரம்மா ஒவ்வொரு படமாகப் பொறுமையாகப் பார்த்தார். குளத்துப் படிகளைப் பார்த்து, எங்க ஊரு அப்படியே இருக்கு என்று சித்தியைப் பாராட்டினார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாமாவைச் சுற்றிக்கொண்டு நடுப் படத்துக்கு வந்தார்.

"இது யார் கைம்மா?"

சித்தி வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "அது யாரோ கொட்ட ஒடைக்கிற பொம்பளைங்க. எங்க பக்கம் நெறைய பேரு இருப்பாங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாமாவுக்கு அடையாளம் தெரியவில்லையே என்ற கோபம். சென்னைக் கல்லூரியில் இத்தனை பேர் வந்து பார்க்கிற இடத்தில் என் அம்மாவின் கை மாட்டியிருக்கிறது, அதை யாரோ என்கிறாரே.

"இல்ல மாமா, இது எங்கம்மா கை. நகத்தப் பாருங்க" என்றேன், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

மாமா சிரித்தார். "சின்னப் புள்ள, எதாச்சும் சொல்லும்" என்று என் தலையில் கைவைத்து அழுத்தினார். டீச்சரம்மாவும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தார். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அம்மா பேசாமல் இருந்திருந்தால் போதும்.

அம்மா முந்தானையை விலக்கினாள். வலது கையை வெளியே எடுத்துப் படத்திலிருந்த கைக்குப் பக்கத்தில் நீட்டினாள்.

"என் கைதாங்க. மருதாணி போட்டிருக்கறதால தெரியல."

டீச்சரம்மா திரும்பி வந்து பார்த்தார். படத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "எவ்வளவு வருஷமா?" என்று கேட்டார். குரலில் இளக்காரம் எதுவும் இல்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

"தங்கச்சி பள்ளிக்கூடம் போறப்பலேர்ந்துங்க."

சித்தி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. அக்காவும் தங்கையும் ரொம்ப நாள் கழித்துப் பார்த்திருக்கிறார்கள், அதனால் அழுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன். மாமா கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். டீச்சரம்மா காபி வேண்டாம் என்று சொல்லி, எல்லோரையும் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டார். மாப்பிள்ளை மட்டும் படத்துக்கு முன்னால் கொஞ்சம் நின்றார். வாசலிலிருந்து டீச்சரம்மா கூப்பிட்டதும் அவரும் போய்விட்டார்.

அடுத்த வாரமே சிதம்பரத்திலிருந்து தகவல் வந்தது. வேறொரு ஜோசியரிடம் காட்டினார்களாம், ஜாதகம் பொருந்தவில்லையாம். மாமா பொங்கல் வரைக்கும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அம்மா மறுபடி கொட்டை உடைக்க உட்கார்ந்தாள். சித்திக்குப் புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் வேலை கிடைத்து, கல்யாணம் நடக்கப் பல வருடங்கள் ஆயின. அந்த வருடங்களில் ஊர் பேசிய பேச்சையெல்லாம் அம்மாதான் வாங்கிக்கொண்டாள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்த குறை வேறு. திரும்பும் பஸ்ஸில் மாமா எங்களை விட்டுத் தள்ளி முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா ஜன்னலோரம் இருந்தாள். முந்தானை காற்றில் பறந்துகொண்டிருந்தது, அதை அவள் இழுத்து மூடவில்லை. இரண்டு கைகளையும் மடியில் போட்டிருந்தாள். நான் அவற்றின் மேல் தலைவைத்துப் படுத்துக்கொண்டேன்.

"அம்மா, சித்தி தப்பா வரஞ்சிட்டா."

"ஏண்டி?"

"நீ கைய பக்கத்துல வச்சு அளந்தியே, நானும் பாத்தேன். உன் கை சின்னது. படத்துல எவ்ளோ பெருசா வரஞ்சிருக்கா."

அம்மாவின் மடி குலுங்கியது. அழுகிறாளா என்று நிமிர்ந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரும் இருந்தது.

"அவ கண்ணுக்கு அவ்ளோ பெருசாத் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

நிறைய படித்து நிறைய வரைந்ததில் சித்திக்குப் பார்வை கெட்டுப்போயிருக்கிறது, சீக்கிரமே கண் டாக்டரிடம் காட்டிக் கண்ணாடி போட வேண்டும் என்று கவலைப்பட்டுக்கொண்டே நான் தூங்கிப்போனேன்.