அடுப்பில் சீறிய உப்பு

எனக்கு ஒல்லாந்தர் கோட்டையில் வெடிமருந்து இடிக்கும் வேலை. மகள் பிறந்து ஐந்தாம் நாள், என் மனைவி பாயில் படுத்தபடி சொல்லச் சொல்ல, அவளுக்குத் தாய்ப்பால் ஊற முதன்முதலாகப் பால்சுறாக் குழம்பு வைத்தேன்.

“உப்பு போட்டியாய்யா?”

“போட்டேன் புள்ள.”

அவள் சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை எடுத்தாள். என் கையில் ஒட்டியிருந்த உப்பை அடுப்பில் உதறினேன். சோற்றுப்பு நெருப்பில் படபடவென்று வெடிக்கும். இதுவோ சீறிக்கொண்டு பற்றி எரிந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. குடிநீர்ச் செம்பை வெளியிலிருந்து குளிரவைக்கக் கோட்டையிலிருந்து திருடி வந்த வெடியுப்பு, வயிற்றுக்குள் போனால் ஆளையே கொல்லும் வெடிமருந்துச் சரக்கு, உப்புச் சட்டிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதைத்தான் அள்ளிப் போட்டிருக்கிறேன்!

பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டேன்.

“இன்னாய்யா, பேய் புடிச்சிக்கிச்சா?”

“மீனு கெட்டுப்போச்சு” என்றேன். குழம்பைச் சட்டியோடு தூக்கிப்போய்க் கொட்டினேன். உண்மையை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து சமைக்கும்போதெல்லாம் ஒரு சிட்டிகை உப்பை முதலில் நெருப்பில் போட்டுப் பார்ப்பேன். இப்போது மகள் சமைக்கப் பழகுகிறாள். நேற்று அவளும் அடுப்பில் உப்பைப் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“இன்னாத்துக்குடி அது?” என்றாள் அவள் அம்மா.

“சாமிக்கும்மா. நைனா தெனமும் போடறாருல்ல?”

உப்பு படபடவென்று வெடித்தது. நானும் கும்பிட்டேன்.