ஊறல் தண்ணீர்

இரண்டாம் உலகச் சண்டை தொடங்கிய பிறகுதான் எங்கள் ஊருக்குத் தேங்காய் நார் பிரிக்கும் தும்பாலை வந்தது. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே தென்னந்தோட்டங்கள் நெருங்கிக் கிடக்கும் ஊர் எங்களுடையது. தேங்காய் உரித்த பொச்சுமட்டையை அதுவரை அடுப்பில்தான் வைத்தோம். திடீரென்று அதற்கு மதிப்பு வந்தது. கப்பல்களுக்குக் கயிறு வேண்டுமாம், பட்டாளத்துக்கு மெத்தை வேண்டுமாம். தெற்கிலிருந்து ஒரு மனேச்சர் வந்தார். சில மாதங்களுக்குள் தகரக் கூரையும் புகைபோக்கியும் எழும்பிவிட்டன. வாவிக் கரையோரமாக மட்டை ஊறவைக்கப் பெரிய பெரிய கிடங்குகளும் வெட்டினார்கள்.

வேலைக்குப் பெண்களைத்தான் கேட்டார்கள். எங்கள் பெண்கள் அறுவடைக்கு வயலில் இறங்குவார்கள், வீட்டிலிருந்து பாய் இழைப்பார்கள். ஒரு வாசலுக்குள் போய் நின்று கூலி வாங்கிப் பழக்கமில்லை. முதலில் கைம்பெண்கள் மட்டும் போனார்கள். அரிசி விலை ஏற ஏற மற்றவர்களும் போனார்கள். என் அக்கா போனாள். அப்பா முன்பே இறந்துவிட்டதால் அம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை. பதினெட்டு வயதில் நானும் அக்காவோடு போனேன்.

கிழமைக்கணக்கில் ஊறி அழுகிய மட்டையைக் கிடங்கிலிருந்து எடுத்து, இரும்பு முள் பதித்த, சுழலும் பீப்பாயில் பிடிக்க வேண்டும். தும்பு பிரிந்து வரும். பிடி நழுவினால் கை போய்விடும். ஊறல் நாற்றம் எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாது. சோற்றைப் பிசையும்போது விரலிலிருந்து எழும்பும். ஆனாலும் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. யந்திரச் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கதைப்போம், சிரிப்போம். அக்கா அப்படிச் சிரித்ததை வீட்டில் நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்க வழமைப்படி வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்து அக்காவின் வீட்டுக்கு வந்தவர் அத்தான். வாவியில் வீச்சுவலை போடுகிறவர். அதிகம் பேசமாட்டார். தோணியை விட்டு இறங்கியதும் இரண்டு பிள்ளைகளில் ஒன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். அக்கா ஆலைக்குப் போவதை அவர் தடுக்கவில்லை, நல்லதென்றும் சொல்லவில்லை.

கிடங்குகளுக்கு வாவியிலிருந்து ஓர் ஓடை வெட்டியிருந்தார்கள். புதுத் தண்ணீர் வருவதும் கறுத்த தண்ணீர் போவதும் அதன் வழியேதான். மாரியில் முகத்துவாரம் திறந்து வாவி கடலோடு ஓடியபோது யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கோடையில் கச்சான் காற்று வீசத் தொடங்கி, முகத்துவாரத்தை மண் மூடியபின் அந்தத் தண்ணீர் போக இடமில்லாமல் கரையோடு தங்கியது. முதலில் இறால் இல்லாமற் போனது. பிறகு ஒரு காலை கெளிற்று மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. பிடிபட்ட மீனிலும் ஊறல் மணத்தது. ஏறாவூரிலிருந்து வாடிக்கையாக வரும் மீன் வியாபாரி கூடையை முகர்ந்து பார்த்துவிட்டு, மன்னிக்கச் சொல்லிப் போனவர் மறுபடி வரவில்லை.

மீன்காரர்கள் ஊர் அதிகாரியான விதானையாரிடம் முறையிட்டார்கள். அவர் ஆலைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து, இது யுத்தத்துக்குப் போகிற சாமான், தடுக்கிறவன் மறியல் வீட்டில் கம்பி எண்ணுவான் என்றார். ஊருக்குள்ளேயே கதை பிரிந்தது. ஆலைக்குப் போகாத வீட்டுப் பெண்கள் எங்களைக் கிணற்றடியில் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த ஓர் அம்மா என் கையைப் பிடித்து, கறுத்த நகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணியையும் குடிக்காமல் எழும்பிப் போனார்.

ஒரு நாள் விடியப்புறம் மீன்காரர்கள் மண்வெட்டிகளோடும் மண் நிரப்பிய சாக்குகளோடும் ஓடையை அடைக்க வந்தார்கள். முன்னால் அத்தான் நின்றார். நாங்கள் வேலைக்கு வந்துகொண்டிருந்த நேரம். மனேச்சர் எங்களை வாசலில் நிறுத்தி, தண்ணீர் வராவிட்டால் ஆலை இன்றைக்கே நிற்கும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றார். அவர் கோபப்படக்கூட இல்லை.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அக்காதான் முதலில் நடந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் அளவு கறுத்த தண்ணீரில் ஓடைக்கு நடுவே இறங்கி நின்றாள். பின்னால் நாங்களும் இறங்கினோம். வரம்பின் மேலே எங்கள் அண்ணன்மாரும் மாமன்மாரும் நின்றார்கள்.

"இது நீ நிக்கிற இடமில்ல. ஏறிப் போ," என்றார் அத்தான்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "நான் ஏறிட்டா மறுகா புள்ளையளுக்கு என்னத்தக் காய்ச்சிக் குடுக்கிற? அதச் சொல்லுங்க, நான் ஏறுறன்."

வரம்பில் நின்ற யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அத்தான் திரும்பிப் பார்க்கவில்லை. மண்வெட்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு நடந்து போனார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் கலைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் யந்திரம் ஓடத் தொடங்கியது.

அன்று இரவு சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு அவர் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது.

"வீடும் உன்ட. அடுப்பும் உன்ட கூலியிலதான் எரியிது. எனக்கெண்டு இருந்தது அந்தத் தண்ணி மட்டும்தான்."

அக்கா கறியை ஊற்றினாள்.

சில நாட்களில் அவர் திருகோணமலைத் துறைமுக வேலைக்குப் போய்விட்டார். அவர் மட்டுமல்ல, வலை போட்டவர்களில் பாதிப் பேர் அந்த வருஷம் போனார்கள். அங்கே குண்டு விழுந்த செய்தி வந்தபோதும் அக்கா வேலைக்குப் போனாள். பீப்பாய்க்கு முன்னால் அவள் பிடி இரண்டு தரம் தளர்ந்ததைக் கண்டு, நான் அவளைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் நின்றேன். அவர் உயிரோடிருக்கிறார் என்று ஊர் திரும்பிய ஒருவர் வந்து சொன்ன பிறகுதான் அவள் அழுதாள். கொக்கட்டிச்சோலைக் கோயில் தேருக்கு அவர் காற்சட்டையோடு வீட்டில் வந்து இறங்கினார். பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். தேர் முடிந்ததும் துறைமுகத்துக்கே திரும்பிப் போனார்.

சண்டை முடிந்த கையோடு ஆலையும் முடிந்தது. வேலைக்குப் போன ஒரு காலை வாசலில் சங்கிலி கிடந்தது. மனேச்சர் முதல் நாளே போயிருந்தார். பிறகு லொறி வந்து யந்திரங்களைக் கொண்டுபோனது. கிடங்குகளை யாரும் மூடவில்லை. இரண்டு மாரி கழிந்து இறால் திரும்பி வந்தபோது, வலை வீசத்தான் ஊரில் ஆட்கள் இல்லை.

அக்கா தனியே பஸ் ஏறித் திருகோணமலைக்குப் போனாள். துறைமுகக் கூலியாட்களின் லயத்து அறை ஒன்றில் வேறு ஆறு ஆண்களோடு அவர் இருந்தாராம், அடுப்பு ஊதிக்கொண்டு. இறால் வந்துவிட்டது என்று இவள் சொன்னாள். சாப்பிட்டாயா என்று அவர் கேட்டார். மறுநாள் அவளோடு வந்துவிட்டார்.

ஆனால் வாவியில் இறங்கவில்லை. பட்டணத்து நெல் ஆலையில் மூட்டை தூக்கப் போனார். அம்மா ஒரு தடவை தோணியைப் பற்றிக் கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"மீன் வந்திட்டுதான் மாமி. நாளைக்கு இன்னொருத்தன் வந்து ஓடை வெட்டினா, மறுகா நான் ஆர்ட முகத்தப் பாத்து நிக்கிற?"

அக்கா உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகுச் சத்தம் நின்று, பிறகு மறுபடி கேட்டது. அவர்கள் அதற்குப் பிறகும் ஒரே வீட்டில், சண்டை சச்சரவில்லாமல்தான் வாழ்ந்தார்கள். ஓடையில் நின்ற அந்தக் காலையைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதில்லை.

அக்காவின் மூத்த மகன் வளர்ந்ததும், திருகோணமலைத் துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்கள், போகட்டுமா என்று கேட்டான். அத்தான் தலையை மட்டும் ஆட்டினார். அக்கா அவனுடைய உடுப்புகளை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தாள். பஸ் வரும்வரை தெருவில் அவனோடு நின்றாள். என்ன சொல்லி அவனை மறிப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.