வாசலுக்குள் நுழையாத அண்டா

பெங்களூரில் ஐந்நூறு பேர் சாப்பிடுகிற கல்யாணம் என்றால், மண்டபம் பிடித்த கையோடு என்னிடம்தான் வருவார்கள். பந்தல், நாற்காலி, பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடும் கடை என்னுடையது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் முழுப் பரீட்சை எழுதவில்லை. என் கடையில் கணக்குப் பார்க்கிறவர் பி.காம். படித்தவர். யார் யாருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். சொல்லக் கூடாதா?

இப்போது முழங்கால் இரண்டும் மக்கர் செய்வதால், நானே வெயிலில் நின்று கட்டிய மூன்று மாடி வீட்டை விட்டு, லிஃப்ட் இருக்கிற சின்ன ஃபிளாட் ஒன்றுக்குப் போகப்போகிறேன். வேண்டாத சாமான்களைக் கழிக்கும் வேலையை மகன் எடுத்துக்கொண்டிருக்கிறான். ஒவ்வொன்றையும் போட்டோ பிடித்து போனில் போடுகிறான். முன்பின் தெரியாதவர்கள் வந்து, ‘தேங்க்ஸ் ஆன்ட்டி’ என்று சொல்லிவிட்டு என் சோபாவைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். போகட்டும். ஆனால் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பித்தளை அண்டாவைப் போட்டோ பிடிக்க அவன் குனிந்தபோது போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். அந்த அண்டா இன்றைக்கு எங்களிடம் இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் நான். எட்டு வயதில் நான் செய்த காரியம்.

அப்பா சர்க்கார் ஆபீஸில் டபேதார். வெள்ளை உடுப்பும் சிவப்புப் பட்டையும் போட்டுக்கொண்டு பெரிய அதிகாரியின் அறை வாசலில் நிற்பார். யார் எப்போது உள்ளே போவது என்று அவர்தான் கை காட்ட வேண்டும். அப்படி நிற்கிறவருக்கு வெள்ளைக்காரன் காலத்துக் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். உயரமான கூரை, பெரிய கூடம், பின்னால் ஒரு பட்டர் ஃப்ரூட் மரம். நான் கடைக்குட்டி; அக்காமார்களெல்லாம் கல்யாணமாகிப் போன பிறகு அந்த வீடு முழுக்க எனக்குத்தான். அப்பா ரிட்டயர் ஆனதும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஸ்ரீராம்புரத்தில் ஒரு அறையும் ஒரு சமையல் கட்டுமாக வீடு கிடைத்தது. பல குடித்தனங்களுக்கு ஒரே முற்றம், முற்றத்து நடுவில் ஒரே குழாய்.

அந்த வீட்டைப் பார்த்து வர அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே நுழையும்போதே, நிலைப்படியின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நடந்து வந்த களைப்பு என்று நினைத்தேன். பிறகு முற்றத்துக்குப் போய்க் குழாயைத் திறந்தாள், மூடினாள், அங்கே நின்ற பெண்களிடம் தண்ணீர் எப்போது வரும் என்று விசாரித்தாள். அவ்வளவுதான். அறைக்குள் நான்தான் குதித்துப் பார்த்தேன்.

திரும்பி வந்ததும் அப்பா வீடு எப்படி என்று கேட்டார்.

“குழாய் நல்லா இருக்கு,” என்றாள் அம்மா.

“நான் வீட்டைக் கேட்டேன்.”

“வீடும் இருக்கு.”

அன்று சாயங்காலம் அம்மா பின்கட்டில் அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். அது அவள் கல்யாணச் சீரில் வந்தது. குவார்ட்டர்ஸில் நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் அதில்தான் சோறு வெந்தது. தமிழ், கன்னடம், தெலுங்கு என்று அதற்கு வித்தியாசம் கிடையாது. அழுகிறாளாக்கும் என்று எனக்குத் துக்கம் வந்துவிட்டது. ஓடிப்போய் எதிர்ப்பக்கத்திலிருந்து நானும் அதைக் கட்டிக்கொண்டேன். “தள்ளி நில்லுடி கொஞ்சம்,” என்றாள். அழுகிற முகத்தை நான் பார்க்கக் கூடாது என்று சொல்கிறாள் என எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

மறுநாளிலிருந்து வீட்டில் திருவிழாதான். பூனை நுழையாத வலை பீரோ டிரைவர் வீட்டுக்குப் போனது. தொட்டில், மாசமாக இருந்த தோட்டக்காரர் மனைவிக்கு. அம்மிக்கல் பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாவுக்கு. யாரும் வெறுங்கையோடு வந்து வாங்கிப் போகவில்லை. ஒருத்தி முருங்கைக்காய், ஒருத்தி சக்கரைப் பொங்கல், ஒருத்தி பூச்செடிப் பதியன் என்று கொண்டுவந்தார்கள். வீடு காலியாகக் காலியாக என் வயிறு நிறைந்தது. வெறும் கூடத்தில் நின்று கத்தினால் குரல் திரும்பி வந்தது. இப்படி மாதம் ஒரு வீடு காலி செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. கன்னடத்து அம்மாவுக்குக் கல்யாண வயதில் இரண்டு பெண்கள். அவர் பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாக, “நீவு ஹோகிரி, நீங்க போங்க, அண்டா மட்டும் இங்கயே இருக்கட்டும்,” என்று சொல்லிச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

அப்பாவுக்கு அந்த அண்டாதான் கண்ணை உறுத்தியது. படுக்கவே இடமில்லாத வீட்டில் அதை எங்கே வைப்பது, அதற்குள் நாம் குடித்தனம் பண்ணலாமா என்று கேட்டார். குஜிரிக்கார பாயை வரச் சொல்லிவிட்டார். குஜிரி என்றால் எங்கள் ஊரில் பழைய சாமான் கடை. பாய் தராசோடு வந்தார். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, பித்தளை வாசல் தாண்டக் கூடாது என்றாள் அம்மா. வெள்ளிக்கிழமை வந்தார்; வெள்ளியில் மகாலட்சுமி போய்விடுவாள். அடுத்த தடவை அமாவாசை. அதற்கடுத்த தடவை விளக்கு வைத்தாகிவிட்டது. அம்மிக்கல் வெள்ளிக்கிழமையன்றுதான் பக்கத்து வீட்டுக்குப் போனது என்பதை அப்பா கவனிக்கவில்லை.

“உன் பஞ்சாங்கத்துல அண்டாவுக்குன்னு தனிப் பக்கம் போட்டிருக்கானா?” என்று மட்டும் கேட்டார்.

கடைசி நாள் வந்தது. அன்றைக்கு எந்தக் குற்றமும் இல்லாத நல்ல நாள். பாய் வருகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அம்மா எனக்கு ஒரு பெரிய கிண்ணம் நிறையப் பொரிகடலையும் வெல்லமும் கொடுத்தாள். தரையெல்லாம் பெருக்கிவிட்டேன், சிந்தாதே, அண்டாவுக்குள்ளே உட்கார்ந்து தின்னு என்றாள். அவ்வளவு வெல்லம் அதற்குமுன் என் கையில் யாரும் கொடுத்ததில்லை.

பாய் வந்து எட்டிப் பார்த்தார். என்னை இறங்கச் சொன்னார் அப்பா. நான் மாட்டேன் என்றேன். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“பாப்பாவையும் சேத்து எடை போட்டுடவா சார்?” என்றார் பாய்.

“நான் பித்தளை இல்ல, தங்கம்,” என்றேன் நான். வாயில் பொரிகடலையோடுதான் சொன்னேன்.

பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. தராசைக் கீழே வைத்துவிட்டார். “பொண்ணு குந்தின பாத்திரத்த எடைக்கு வாங்கினேன்னு தெரிஞ்சா எங்க வூட்ல எனக்குச் சோறு போட மாட்டாங்க சார்,” என்று சொல்லிவிட்டு, கால் உடைந்த இரும்புக் கட்டிலை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, குழந்தை ஏங்கிப்போய்விடும் என்றாள். லாரியில் ஏற்றித் தொலையுங்கள், அங்கே போய் என்ன பண்ணுகிறாள் பார்க்கலாம் என்றார் அப்பா. ஆக, நான் வாயைத் திறந்ததால் அண்டா தப்பியது. எட்டு வயதில் அந்தப் பேச்சு வேறு யாருக்கு வரும்?

ஆனேக்கலிலிருந்து மாமா, அம்மாவின் தம்பி, காய்கறி லாரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். மிச்சமிருந்த சாமான் கொஞ்சம்தான். ஒரு கோணி மூட்டையை மட்டும் தூக்க முடியாமல் தூக்கினார்.

“என்னக்கா இது, இந்தக் கனம் கனக்குது?”

“அம்மிக்கல்டா,” என்றாள் அம்மா.

நான் அண்டாவுக்குள் நின்றபடி ஊரைப் பார்த்துக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு கார் வாங்கினேன், விமானத்தில் போனேன். அந்த லாரிச் சவாரிக்கு ஈடாகவில்லை.

ஸ்ரீராம்புரத்துச் சந்தில் லாரி நின்றதும் முற்றத்திலிருந்த அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள். மாமாவும் கிளீனருமாக அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தார்கள். நுழையவில்லை. படுக்க வைத்தார்கள், சாய்த்தார்கள், திருகினார்கள். நிலைக்குக் கீறல் விழுந்ததே தவிர அண்டா உள்ளே போகவில்லை. நிலையைக் கொஞ்சம் செதுக்கினால் என்ன என்று மாமா கேட்டார். வீட்டுக்காரர் அதைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டார்.

கூட்டத்தில் இடுப்பில் குடத்தோடு நின்ற ஒரு பெண்மணி, “குடித்தனம் வரீங்களா, கல்யாணம் பண்ண வரீங்களா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஊரையெல்லாம் வாசலில் நிறுத்திப் பெயர் கேட்டவர், இப்போது ஒரு சின்ன வாசலில், புதிய மனிதர்கள் முன்னால், உள்ளே போகத் தெரியாமல் நின்றார். தோளில் இருந்த துண்டை எடுத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். குஜிரிக்காரரைத் தேடிப் போகிறேன் என்று முணுமுணுத்தார். அண்டா போய்விடும் என்று நான் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவோ இதில் தனக்குச் சம்பந்தமே இல்லாதவள் போல முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். குழாயைச் சுற்றிக் குடமும் தவலையும் டின்னும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. இரண்டு பெண்கள் யாருடைய குடம் முன்னால் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“குழாய்க்கு அடியில வெச்சா என்ன?” என்றேன்.

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “கேட்டீங்களா? இவதான் சரியாச் சொல்றா,” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு மாமாவைப் பார்த்து, அந்தக் கோணி மூட்டையை அவிழ்க்கச் சொன்னாள். உள்ளேயிருந்து நாலு கருங்கல் வந்தது. குவார்ட்டர்ஸ் பின்கட்டில் அண்டா உட்கார்ந்திருந்த அதே கற்கள்.

“அம்மிக்கல்லுன்னு சொன்னியேக்கா?”

“இதுவும் கல்லுதானடா. வை.”

மறுநாள் விடியற்காலையில் தண்ணீர் வந்தபோது ஒருவரும் முண்டியடிக்க வேண்டியிருக்கவில்லை. அண்டா பாட்டுக்கு நிறைந்தது. எல்லோரும் நிதானமாக வந்து மொண்டுகொண்டு போனார்கள். மொள்வதில் யார் முதலில் என்று முதல் இரண்டு நாள் சச்சரவு வரத்தான் செய்தது. அப்பா ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அண்டா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். “ஒருத்தர் ஒருத்தரா வாங்கம்மா,” என்று கை காட்டினார். அந்தக் கை பழைய கை. ஒரு மாதத்துக்குள் சந்து முழுக்க அவரை டபேதார் ஐயா என்றுதான் கூப்பிட்டது.

கிண்டல் செய்த அந்தப் பெண்மணியே முதலில் வந்தாள், மகள் நிச்சயதார்த்தத்துக்கு அண்டா வேண்டுமென்று. எடுத்துக்கொண்டு போங்கள், இதில் என்ன இருக்கிறது என்றாள் அம்மா. அண்டா திரும்பி வந்தபோது அடியில் புளியோதரையும் வெற்றிலை பாக்கும் இருந்தன. பிறகு அடுத்த சந்து, அதற்கடுத்த சந்து. நான் தலையெடுத்த பிறகு இரண்டாவது அண்டா வாங்கினேன், பிறகு கரண்டிகள், பிறகு நாற்காலிகள். அதுதான் இன்றைய என் கடை. ‘எட்டு வயதில் நான் சொன்ன ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது’ என்று கடை விழாவில் மைக்கைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முதலில் கை தட்டியது அவள்தான்.

நேற்று அந்த ஃபிளாட்டைப் பார்க்கப் போனோம். மகன் வாசலை அளக்க டேப்பை எடுப்பதற்குள் நான் வாசலில் நின்றுவிட்டேன். யாரும் சொல்லவில்லை, என் கைகள் தாமாகவே விரிந்து நிலையின் இரண்டு பக்கமும் ஊன்றிக்கொண்டன.

“என்னம்மா, முட்டி வலிக்குதா?” என்று ஓடி வந்தான் அவன்.

அன்றைக்கு அம்மா நின்ற மாதிரியே நின்றேன். கோணி மூட்டை ஞாபகம் வந்தது. அந்தக் கிண்ணமும், அவ்வளவு வெல்லமும் ஞாபகம் வந்தன. பிறகு பால்கனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தேன். கேட்டுக்குப் பக்கத்தில், மரத்தடியில், நல்ல இடமாக ஒன்று இருந்தது.

“ஃபிளாட் பிடிச்சிருக்காம்மா?”

“தண்ணி லாரி எங்க வந்து நிக்கும்?” என்று கேட்டேன்.

“நான் ஃபிளாட்டைக் கேட்டேன்மா.”

வீட்டுக்கு வந்ததும் மாடிப்படிக்குக் கீழே குனிந்து, ஃபிளாட் வாசலில் விரித்த அதே அகலத்துக்குக் கைகளை விரித்து அண்டாவைச் சுற்றிப் போட்டுப் பார்த்தேன். பின்னாலிருந்து பேத்தி வந்தாள். பாட்டி அழுகிறாள் என்று நினைத்தாளோ என்னவோ, எதிர்ப்பக்கத்திலிருந்து அவளும் அதைக் கட்டிக்கொண்டாள். என் விரலில் அவள் விரல் இடித்தது.

“தள்ளி நில்லுடி கொஞ்சம்,” என்றேன்.