கல்யாணப் படத்தில் பெரியப்பாவின் தலை

நாளைக்குப் பழனியில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். மண்டபத் திரையில் ஓட்ட வேண்டிய வீடியோ இன்னும் முடியவில்லை. காலையிலிருந்து கொடைக்கானல் வீட்டில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் எடிட் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்கேன் பண்ணின பழைய படங்களெல்லாம் உயரவாக்கில் இருக்கின்றன. திரையோ அகலம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுகிறது.

அப்பா எட்டிப் பார்த்தார். "ஏலே, நல்ல காரியத்துல எதுக்குக் கறுப்பு கெடக்கு?"

அப்பா அம்மாவின் கல்யாணப் படத்தைப் பெரிதாக்கினேன். கறுப்பு போனது. கூடவே, பின்னால் நின்ற பெரியப்பாவின் தலையும் போனது. கீழே இறக்கினால் பெரியப்பா தெரிகிறார். உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையும் பொண்ணும் பாதிதான் தெரிகிறார்கள்.

அப்பாவும் பெரியப்பாவும் பூண்டுக்காட்டு வரப்புச் சண்டைக்குப் பிறகு பேசுவதில்லை. அதனால் நான் தலை இல்லாமலே விட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

"அந்தப் படத்தத் திரும்பப் போடு," என்றார் அப்பா. உற்றுப் பார்த்தார். "அண்ணன் தலை எங்கடா?"

"பெருசாக்குனா வெட்டுதுப்பா."

"அதுக்காக அவரை வெட்டிருவியா? பழையபடியே வையி."

வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "அவருக்குச் சொல்லவும் இல்லையேடா."

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "போன வாரமே நான் போயிச் சொல்லிட்டேன். வெள்ளனே வந்துருவாக."

அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணன் படம் இன்னும் ரெண்டு சேரு," என்றார்.

வீட்டில் வேறு படமே இல்லை. சொந்தபந்தங்களே, பெரியப்பா படம் இருந்தால் வெரசா அனுப்புங்க. சிரிச்ச படம் கிடைக்காதுன்னு தெரியும், முறைச்சதே போதும்.